நீறு பூத்த நெருப்பு: குழந்தைகளின் இளைப்பு நோய், ஒரு மருந்துக்கடையிலிருந்து பார்த்தால்

எங்கள் மருந்துக்கடையில் ஒரு கணக்கு நோட்டு உண்டு. காரைக்குடியில் இருபது வருடமாக நடக்கும் சின்னக் கடை. பழகிய குடும்பங்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு போய், மாதக் கடைசியில் பணம் கொடுப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மத்தியான நேரத்தில் அந்த நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டின் பக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்த்தேன். "நீல பம்ப் 1." இளைப்பு, அதாவது ஆஸ்துமா, இழுக்கும்போது வாயில் அடிக்கும் இன்ஹேலர் அது. ஏழு மாதத்தில் ஏழு. எல்லாம் எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு.

அவன் அம்மா ஒவ்வொரு முறையும் நிம்மதியோடுதான் வாங்கிப் போனார். "இப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போறதில்லக்கா. இழுத்தா ரெண்டு அடி, உடனே சரியாயிருது." நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு பம்பில் 200 அடி, அதாவது 200 தடவை அழுத்தும் மருந்து, இருக்கும். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் நாளுக்கு ஆறு ஏழு அடி. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' என்ற அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. ஒருவருக்கு ஆண்டில் இப்படி மூன்று நீல பம்ப் தீர்ந்தாலே கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டை எட்டினால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று அது எச்சரிக்கிறது. இது நான் படித்ததுதான். படித்திருந்தும் ஏழு மாதம் பார்க்கத் தவறினேன். அந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலம் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மூச்சுக்குழலுக்குள் நடப்பது

நுரையீரலைத் தலைகீழாக நட்ட மரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டையிலிருந்து இறங்கும் பெரிய குழல் அடிமரம். அது இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தடவை பிரிந்து பிரிந்து, கடைசியில் இலை நுனி போன்ற காற்றுப் பைகளில் முடியும். ஆஸ்துமா இலைகளின் நோயல்ல, கிளைகளின் நோய்.

அந்தக் கிளைகளின் உள்சுவரில் மூன்று காரியம் நடக்கிறது. சுவர் வீங்குகிறது. சுவரைச் சுற்றியுள்ள மெல்லிய தசை இறுகுகிறது. உள்ளே சளி கெட்டியாகச் சுரக்கிறது. மூன்றும் சேர்ந்து காற்று போகும் வழியைக் குறுக்கிவிடுகின்றன.

எவ்வளவு குறுகினால் எவ்வளவு கஷ்டம்? இளநீர் குடிக்கும் குழலை வாயில் வைத்து மூச்சு விட்டுப் பாருங்கள். பிறகு டெட்ரா பேக் ஜூஸோடு ஒட்டி வருமே, அந்த மெல்லிய குழலில் விட்டுப் பாருங்கள். அரை நிமிடம் தாங்காது. குழலின் விட்டம் பாதியானால் காற்றுக்கு இருக்கும் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகிறது. குழந்தையின் மூச்சுக்குழல் ஏற்கெனவே சிறியது. பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்பாகப் போகிற ஒரு வீக்கம், நாலு வயதுப் பிள்ளையை ராத்திரி முழுக்க எழுந்து உட்கார வைத்துவிடுவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அந்தப் பூனைச் சத்தம், சிலர் விசில் என்பார்கள், பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் கேட்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, குழல்களும் சற்று விரிகின்றன. வெளியே விடும்போது அவை சுருங்குகின்றன. ஏற்கெனவே குறுகிய குழல் இன்னும் குறுகும்போது காற்று சீட்டியடித்துக்கொண்டு வெளியேறுகிறது. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தேங்க, அடுத்த மூச்சுக்கு இடமில்லை. பிள்ளை "மூச்சு வரல" என்று சொன்னாலும் அதன் பிரச்சினை பாதிக்குப் பாதி மூச்சு வெளியே போகாததுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மூன்றில் தசை இறுகுவது திடீரென்று நடக்கும், மருந்து பட்டால் சட்டென்று தளரும். சுவரின் வீக்கம் அப்படியல்ல. அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். பிள்ளை ஓடி விளையாடுகிறது, சத்தமில்லை, இருமல் இல்லை. ஆனாலும் உள்சுவர் சிவந்து, தடித்து, எதற்கும் சிலிர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதேதான். மேலே சாம்பல் மூடியிருப்பதால் அடுப்பு அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். ஒரு காற்று அடித்தால் கங்கு தெரியும்.

நீல பம்ப் தசையைத் தளர்த்தும். கங்கை அணைக்காது. அந்தப் பையனுக்கு ஏழு மாதமாக நாங்கள் செய்தது கங்கைச் சாம்பலால் மேலும் மேலும் மூடியதுதான்.

எல்லா இரைச்சலும் ஆஸ்துமா இல்லை

நம் பக்கத்தில் இந்த நோய்க்குப் பேர் பல. இளைப்பு, இழுப்பு, இரைப்பு, "நெஞ்சுச்சளி". இப்போது எல்லோருக்கும் "வீசிங்". ஆஸ்துமா என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. டாக்டரே சில சமயம் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "லேசா வீசிங் டென்டன்சி" என்று முடித்துக்கொள்கிறார். பேர் சொல்லாத நோய்க்குத் தினம் மருந்து எடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் பேரைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் அவசரப்பட்டும் சொல்லக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலோடு நெஞ்சில் சத்தம் வருவது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் டூசான் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவந்த குழந்தைகளைப் பற்றி 1995-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வெளியானது. மூன்று வயதுக்குள் இளைப்பு வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. அவர்களுக்குக் குழல் சிறிதாக இருந்தது, வளர்ந்ததும் சரியாகிவிட்டது. மீதிப் பேருக்குத்தான் தொடர்ந்தது.

யாருக்குத் தொடரும் என்று சில அடையாளங்கள் உண்டு. சளி இல்லாத நாளிலும் இருமல். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும் இருமல். ஓடினால், விழுந்து விழுந்து சிரித்தால், அழுதால் வரும் இருமல். குழந்தையாக இருந்தபோது முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான் என்னும் தோல் அரிப்பு வந்திருப்பது. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா இருப்பது. இவற்றில் பல சேர்ந்து இருந்தால் டாக்டர் ஆஸ்துமா பக்கம் சாய்வார். ஐந்தாறு வயதுக்கு மேல் ஊதச் சொல்லி நுரையீரலிலிருந்து காற்று வெளிவரும் வேகத்தை அளக்கவும் முடியும்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்தில் படுத்தால் வராது, எச்சில் தம்ளரில் வராது.

நேற்றுவரை ஒன்றுமில்லாத பிள்ளைக்கு, நிலக்கடலை தின்றுகொண்டிருக்கும்போது புரையேறி அன்றிலிருந்து சத்தம் வந்தால், அதை இளைப்பு என்று வைத்துப் பம்ப் அடித்துக்கொண்டிருக்காதீர்கள். கடலை மூச்சுக்குழலில் போய் உட்கார்ந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. இருமலோடு எடை குறைவதும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும்.

பூட்டிய வீடும் புகையும்

கங்கை ஊதிவிடும் காற்று எது என்று கேட்டால், குழந்தைகளுக்கு முதல் இடம் சாதாரணச் சளி வைரஸ்தான். பள்ளி திறந்தால், மழை பிடித்தால் சளி சுற்றுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது நெஞ்சில் இறங்குகிறது. அதை முழுக்கத் தடுக்க நம்மால் ஆகாது. மற்றவற்றில் நம் கைக்கு எட்டுவது நிறைய. செட்டிநாட்டில் அவற்றுக்குத் தனி முகம் உண்டு என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நம் பெரிய வீடுகள் பல வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பவை. சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். ஒரு கல்யாணம், அறுபதாம் கல்யாண சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால்தான் பூட்டுத் திறக்கும். முந்தின நாள் ஆள் விட்டு வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியை, பெருக்குவார்கள். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாக இருக்கும் அறைகளைத் திறந்து, மேல்மாடியிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தைகளையும் ஜமுக்காளங்களையும் இறக்கி உதறுவார்கள். அன்று ராத்திரி, ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையாக அதன்மேல் படுப்பார்கள். இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை எழுந்து உட்காரும். முகூர்த்த நாள் விடியற்காலையில் எங்கள் கடைக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் அப்பாதான். என் தங்கை மகளுக்கே கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் இப்படித்தான் முதல் முறை இழுத்தது. மெத்தையை உதறியவர்களில் நானும் ஒருத்தி.

அந்த மெத்தையில் இருப்பது வெறும் தூசு மட்டுமல்ல. தூசு உண்ணி என்று ஒரு பூச்சி, அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கும். நம் கோடை வெயிலில் அது குறையும், ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகும். கடிக்காது. அதன் எச்சம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. பூச்சி செத்தாலும் எச்சத்தின் வீரியம் மாதக்கணக்கில் போகாது. பூட்டிய அறை மெத்தையை உதறுவது என்றால் அதையெல்லாம் காற்றில் ஏற்றிவிடுவது.

நம் வீடுகளில் இதற்கு மாற்றும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தரைவிரிப்பு போட்ட வெளிநாட்டு வீடுகளுக்கு இல்லாத வசதி. கோரைப்பாயைத் தினமும் தட்டி வெயிலில் போடலாம். பத்து அங்குல மெத்தையை அப்படிப் போட முடியாது. போர்வையும் தலையணை உறையும் வாரம் ஒரு தடவை நல்ல சூட்டுத் தண்ணீரில், 60 டிகிரி அளவுக்கு, ஊறினால் உண்ணி சாகும். தலையணையை நெருக்கமாக நெய்த உறைக்குள் ஜிப் போட்டு அடைத்துவிடலாம். பிள்ளை படுக்கும் அறையில் துணி பொம்மை ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது புகை. குழந்தையைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி காட்டுவது நம் வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடு செய்கிற காரியம். சளி பிடிக்காது என்ற நம்பிக்கை. ஆனால் எந்தப் புகையானாலும் நுண்துகள்தான். இளைப்புள்ள பிள்ளையின் குழலுக்கு அது எரிச்சல்தான். எங்கள் கடைக்கு வரும் ஓர் ஆயா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள்லாம் வளரலயாத்தா?" என்றார். வளர்ந்தீர்கள் ஆயா. பத்துப் பிள்ளைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் பேரன் மற்ற ஒன்றிரண்டு பேரில் ஒருவன். அவன் தலையைத் துண்டால் காயவையுங்கள். சாமிக்குக் காட்டும் புகையை, அவன் வேறு அறையில் இருக்கும்போது, சன்னலைத் திறந்துவைத்துக் காட்டுங்கள். அவர் அதன்பிறகு நிறுத்திவிட்டார் என்று மருமகள் சொன்னார்.

கொசுவத்திச் சுருளைப் பற்றிச் சொன்னால்தான் பலர் அதிர்கிறார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்த 2003 ஆண்டு ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில், கட்டிலுக்கு அடியில், ராத்திரி முழுக்க. கொசுவலை இதைவிட எவ்வளவோ மேல். வீட்டுக்குள் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. திண்ணையில் பிடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாலும் சட்டையில் அது இருக்கிறது. விறகு அடுப்பு இன்னும் எரிகிற வீடுகளில் பிள்ளை அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டாம். மிளகாய் வறுக்கும் நெடிக்கு நம் ஊரில் தப்பிக்க வழியில்லை, ஆனால் வறுக்கிற பத்து நிமிடம் பிள்ளை முகப்பில் இருக்கலாம்.

இந்த நோய் நகரத்தில் ஏன் அதிகம் வதைக்கிறது என்ற கேள்விக்கு மாசு மட்டுமே பதில் இல்லை. நெருக்கடியான குடியிருப்பும் பதில். அமெரிக்காவின் எட்டு நகர்ப்பகுதிகளில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 476 ஆஸ்துமாக் குழந்தைகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறையில் அதன் மிச்சங்களும் அதிகமாக இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் இன்று வரிசையாக வாடகைப் போர்ஷன்கள். நாலு வீட்டுக்கு ஒரே சாக்கடை, காற்றோட்டமில்லாத சமையலறை. கரப்பான் பூச்சிக்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த மருந்தின் நெடியே இழுப்பைக் கொண்டுவரும். ராத்திரி எச்சில் பாத்திரம் போடாமல் கழுவிவைத்து, குப்பையை மூடி, குழாய்க் கசிவை அடைத்து, மூலையில் ஜெல் மருந்து வைப்பதுதான் சரி.

வாகனப் புகைக்கும் பங்கு உண்டு. லண்டனில் நெரிசலான சாலை ஒன்றின் அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா விடாமல் போராடியதில், 2020 டிசம்பரில் அவள் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவுசெய்தார். பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுவே முதல் முறை. நம் தெருமுனையில் குப்பையைக் கொளுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா நினைவுக்கு வருகிறார்.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

பம்ப் என்று ஒரே பேரில் நாம் அழைப்பது இரண்டு வெவ்வேறு மருந்துகளை. ஒன்று இழுக்கும்போது அடிப்பது: சால்புட்டமால், பெரும்பாலும் நீல நிறம், ஐந்து நிமிடத்தில் தசையைத் தளர்த்தும், சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மற்றது தினமும் அடிப்பது: புடெசொனைடு, புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல நாட்களில், வாரங்களில் சுவரின் வீக்கத்தைக் குறைக்கும். கங்கை அணைப்பது இது.

சிக்கலும் இங்கேதான். முதலாவதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதை நம்புகிறோம். இரண்டாவதன் பலன் 'ஒன்றும் நடக்காமல் இருப்பது'. ஒரு மாதம் பிள்ளைக்கு இழுக்கவில்லை என்றால் "சரியாயிருச்சு" என்று தினசரி மருந்தை நிறுத்துகிறோம். சரியாக இருந்ததற்குக் காரணமே அந்த மருந்துதான் என்பது அடுத்த சளியில் தெரிகிறது. நீல மருந்தை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்று பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் 2019-லேயே ஜினா சொல்லிவிட்டது. அதற்குக் குறைந்த வயதுக்கு எந்த மருந்து, எத்தனை மாதம் என்பதைக் குழந்தை மருத்துவர் தீர்மானிப்பார். குறைப்பதும் நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான்.

ஸ்டீராய்டு என்றதும் அம்மாக்களின் முகம் மாறும். நியாயமான பயம். கணக்கைப் பார்த்துவிடலாம். ஆறு முதல் பதினோரு வயதுப் பிள்ளைக்குக் குறைந்த அளவு என்பது நாளுக்கு 100 முதல் 200 மைக்ரோகிராம் புடெசொனைடு. கடுமையாக இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், 20 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். 20 மில்லிகிராம் என்பது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், வீரியம் வேறு, எடைக்கு எடை ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனால் பம்ப் மருந்து நேராக மூச்சுக்குழலில் இறங்குகிறது, மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது. பயந்து சின்னதைத் தவிர்ப்பவர்கள்தான் பெரியதை அடிக்கடி வாங்குகிறார்கள்.

வளர்ச்சி பாதிக்குமா? கொஞ்சம், ஆம். அமெரிக்காவில் நாலைந்து ஆண்டுகள் தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை கவனித்தார்கள்; அவர்கள் உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. ராத்திரி தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போகாமல் இளைக்கும் பிள்ளைக்கும் வளர்ச்சி குறையும். எதை ஏற்பது என்று என்னைக் கேட்டால் நான் அந்த ஒரு சென்டிமீட்டரை ஏற்பேன்.

கடையில் இன்றும் அதிகம் கேட்பது சிரப்தான். "பம்ப் வேணாம்க்கா, பழகிரும். டானிக்கா குடுங்க." பம்ப் பழகாது, போதைப் பொருளல்ல. சால்புட்டமால் சிரப் ஒரு ஸ்பூனில், அதாவது 5 மில்லியில், 2 மில்லிகிராம் இருக்கும். பம்பில் ஓர் அடி 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப் இருபது அடிக்குச் சமம். அத்தனையும் வயிற்றுக்குள் போய், அரை மணி நேரம் கழித்து வேலை செய்து, நடுவில் பிள்ளையின் கை நடுங்கி நெஞ்சு படபடக்கும்.

பெண் பிள்ளைக்குப் பம்ப் என்றால் ஊரில் தெரிந்துவிடும், நாளை கல்யாணம் பேச முடியாது என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு அம்மா பம்பைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உலகின் ஆஸ்துமாக்காரர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறோம். ஆஸ்துமா சாவுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் நடக்கிறது. மறைத்துவைப்பதும் சிரப்பிலேயே ஓட்டுவதும் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

பம்பை வாங்கினால் மட்டும் போதாது. நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஸ்பேசர் என்ற கூடு வேண்டும். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதோடு மாஸ்க். பம்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, ஓர் அடி. பிள்ளை சாதாரணமாக ஐந்தாறு மூச்சு எடுக்கட்டும். இரண்டாவது அடி வேண்டுமானால் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. இரண்டு அடியைச் சேர்த்து அடிக்காதீர்கள். ஸ்டீராய்டு அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துகளை இழுத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்றால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராக அது வேலை செய்தது என்று 1999-ல் வெளியிட்டார்கள். தண்ணீர் பாட்டில்தான். நான் நிறையப் பேருக்கு இதைச் செய்துகாட்டியிருக்கிறேன்.

இழுப்பு வந்துவிட்டால்

பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான சட்டையைத் தளர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். நீல பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நாலு அடி. சில நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி நாலு, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் உங்கள் பிள்ளைக்கென்று வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். நெபுலைசர் மெஷின் இல்லையே என்று பதற வேண்டாம், சாதாரண இழுப்புக்கு ஸ்பேசர் அதற்குக் குறைந்ததல்ல.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் சொல் சொல்லாக நிறுத்துவது, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிவது, உதடு நீலம் பாய்வது, சோர்ந்து கண் செருகுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்த வேண்டாம். இன்னும் ஒன்று. கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் நெஞ்சில் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சீட்டியடிக்கக்கூடக் காற்று ஓடவில்லை என்று அர்த்தம்.

தைலத்தை நெஞ்சில் தேய்க்கலாமா என்பார்கள். கற்பூரத் தைலம் இரண்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது, பெரிய பிள்ளைக்கும் இழுப்பை நிறுத்தாது. ஆவி பிடிக்கவைத்துக் கொதிநீர் கொட்டிய பிள்ளைகளுக்கு நான் தீக்காயக் களிம்பு விற்றிருக்கிறேன். ஆடாதோடையும் தூதுவளையும் எனக்குப் பிடித்தவை. ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தே பிறந்தது. சளிக்கு அவை இருக்கட்டும். சுவரின் வீக்கத்தைக் குறைக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தினசரி பம்பை நிறுத்தாதீர்கள். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறுத்தத் தேவையில்லை. எது தின்றால் ஒவ்வொரு தடவையும் இழுக்கிறதோ அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விளையாட்டை நிறுத்தவே வேண்டாம். பதினாலு வயதில் ஆஸ்துமா கண்டறியப்பட்ட பிரிட்டன் ஓட்டக்காரி பவுலா ராட்கிளிஃப் 2003-ல் ஓடிய மராத்தான் நேரத்தைப் பெண்களில் 2019 வரை யாரும் முறியடிக்கவில்லை. பி.டி. வகுப்பில் மூச்சு வாங்கினால் அது நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு அடையாளம், மரத்தடியில் உட்காரவைக்கக் காரணமல்ல. வகுப்பு டீச்சரிடம் ஒரு நீல பம்பையும் ஸ்பேசரையும் பேர் எழுதிக் கொடுத்துவையுங்கள், அலமாரியில் பூட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

ஊரில் வீடு திறப்பவர்கள் ஒரு வாரம் முன்பே திறக்கட்டும். பெருக்குமுன் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைக்கட்டும். மெத்தைகளை உதறும்போதும் வெயிலில் காயப்போடும்போதும் பிள்ளைகள் வந்திருக்கக் கூடாது. இளைப்புள்ள பிள்ளைக்குச் சொந்தப் பாயும் தலையணையும் பெட்டியிலேயே வரட்டும்; பூட்டிக் கிடந்த அறையில் அல்ல, காற்றாட முகப்பிலோ வளவிலோ படுக்கட்டும். பயணத்துக்காகத் தினசரி மருந்தை விடக் கூடாது, அந்தக் கூட்டத்தில்தான் அது மிகவும் தேவை.

பம்பில் எத்தனை அடி மிச்சம் என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான கணக்கு. மருந்து தீர்ந்தபிறகும் காற்று மட்டும் வரும், குலுக்கினால் சத்தமும் கேட்கும். எண் காட்டும் பம்ப் கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் அடி அடித்த தேதியைப் பேனாவால் டப்பா மேல் எழுதிவிடுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். குழந்தை மருத்துவரைப் பார்த்து வந்தபிறகு அவர்கள் பக்கத்தில் புது வரி ஒன்று ஏறியது. தினசரி பம்ப், மாதம் தவறாமல். நீல பம்ப் அடுத்து நோட்டில் வந்தது ஒரு வருடத்துக்கும் மேலே கழித்து. கையில் பழையதைக் கொண்டுவந்திருந்தார், அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தீர்ந்துபோய் வாங்க வரவில்லை. டப்பாவில் போட்டிருந்த காலாவதித் தேதி அந்த மாதத்தோடு முடிகிறது என்று வந்திருந்தார்.